ரோபோ நேரா போகலையா, இப்பதான் கிளாஸ் ஆரம்பம்

ஸ்கூல்ல ரோபோட்டிக்ஸ் ஆரம்பிக்கப்போறோம்னு யாராவது போன் பண்ணினா அடுத்த வார்த்தையே எந்த கிட் வாங்கலாம்ங்கிறதுதான். நான் லீவு நாள்ல பசங்களுக்கு கோடிங் சொல்லித்தர்ற ஆளு, கிட் விக்கிற ஆளு இல்ல, அதனால திருப்பிக் கேப்பேன்: வாரத்துக்கு எத்தனை பீரியட் ஒதுக்குவீங்க, பசங்க செஞ்சது தப்பா ஓடினா அது ஏன்னு உக்காந்து பாக்க டைம் குடுப்பீங்களா? அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவா, "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், எக்சிபிஷனுக்கு ஒரு டெமோ மட்டும் ரெடி ஆகணும்"னு வரும். விஷயம் அங்கயே புரிஞ்சிடும்.

எக்சிபிஷன் டெமோ எப்படி நடக்கும்னு பாத்திருப்பீங்க. கிட்டோட ஒரு புக்லெட் வரும், படம் பாத்து ஸ்க்ரூ முடுக்கணும், ஏற்கனவே எழுதிவச்ச ப்ரோகிராமை ஏத்தணும், ரோபோ ஓடும், கைதட்டல், போட்டோ, முடிஞ்சது. புள்ளைங்க சந்தோஷமாத்தான் இருக்கும், அதை நான் குறை சொல்லல. ஆனா அந்த ஒரு மணி நேரத்துல அந்தப் புள்ள சொந்தமா ஒரு முடிவுகூட எடுக்கல பாருங்க. எந்த வயர் எங்க போகணும்னு படம் சொல்லிடுச்சு, எந்த லைன் எங்க வரணும்னு வேற யாரோ சொல்லிட்டாங்க. ஓடலைன்னா மிஸ் வந்து சரிபண்ணிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

என்னைக் கேட்டா ரோபோ நேரா போகாத நிமிஷத்துலதான் கிளாஸே ஆரம்பிக்குது. ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே ஸ்பீடு குடுத்திருப்பாங்க, ஆனா வண்டி லேசா இடதுபக்கம் வளைஞ்சு வளைஞ்சு போகும். விலை குறைஞ்ச மோட்டார் எதுவுமே அச்சு அசல் ஒண்ணா சுத்தாது, பேட்டரி ஒரு பக்கமா உக்காந்திருக்கலாம், ஒரு சக்கரம் ஸ்க்ரூ இறுக்கத்துல உரசலாம், இப்படி நாலஞ்சு காரணம் இருக்கும். பசங்க உடனே "மோட்டார் போச்சு"ன்னு தீர்ப்பு குடுத்துடுவாங்க. அப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், ரெண்டு மோட்டாரையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. இப்ப வளைவு வலதுபக்கம் மாறிடுச்சுன்னா மோட்டார்தான் காரணம், அதே இடதுபக்கம்தான் போகுதுன்னா மோட்டார் மேல பழி போடாதீங்க, சக்கரத்தையும் வெயிட்டையும் பாருங்க. ஒரு சமயத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி என்ன ஆகுதுன்னு பாக்கறது, சயின்ஸ் புக்ல பரிசோதனைன்னு தலைப்பு போட்டு எழுதியிருக்கறதுதான் இது. என்ன, இங்க மார்க்குக்காக இல்லாம வண்டி ஓடணுமேங்கிற கடுப்புல செய்யறாங்க.

அதைவிட நல்ல பாடம் பேட்டரி எடுக்கும். 90 டிகிரி திரும்பணும்னா மோட்டாரை இத்தனை மில்லிசெகண்ட் ஓட்டுன்னு பசங்க எழுதுவாங்க, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி கரெக்டான நம்பரைக் கண்டுபிடிச்சிடுவாங்க, செம சந்தோஷம். அடுத்த வாரம் வந்து அதே ப்ரோகிராமை ஓட்டினா முக்கால்வாசிதான் திரும்பும்! கோட்ல ஒரு எழுத்துகூட மாறல, அப்புறம் எப்படின்னு ஒருத்தன் மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவான். சாதாரண அல்கலைன் செல் புதுசுல 1.5 வோல்ட், தேயத் தேய இறங்கும், அதுக்குப் பதிலா யாராவது ரீசார்ஜபிள் செல் போட்டிருந்தா அது ஒண்ணு 1.2 வோல்ட்தான், நாலு செல்லுக்கு 6 வோல்ட் எங்க 4.8 வோல்ட் எங்க. வோல்ட் குறைஞ்சா மோட்டாரும் மெதுவாத்தான் சுத்தும். ஆக நேரத்தை மட்டும் நம்பி எழுதின ப்ரோகிராமுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. சென்சார் எதுக்குன்னு நான் லெக்சர் அடிச்சா தூங்கியிருப்பாங்க, இந்தக் கட்டத்துல அவங்களே கேப்பாங்க, சக்கரம் எவ்வளவு சுத்துச்சுன்னு ரோபோவுக்கே தெரியற மாதிரி பண்ண முடியாதான்னு. நடந்ததை அளந்து பாத்து அதுக்கேத்த மாதிரி அடுத்ததைச் செய்யற ஃபீட்பேக்ங்கிறதை அதுக்கப்புறம் சொன்னா போதும்.

அல்ட்ராசோனிக் சென்சாரும் இப்படித்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான். ரெண்டு கண்ணு மாதிரி இருக்குமே அதுதான், ஒண்ணு நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை அனுப்பும், இன்னொண்ணு எதிரொலியைக் கேக்கும். காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் போய்ட்டு வர ரெண்டு மீட்டர், கிட்டத்தட்ட 5.8 மில்லிசெகண்ட். கணக்குல எதுக்கு ரெண்டால வகுக்கறோம்னு கேட்டா முதல்ல முழிப்பாங்க, ஒரு புள்ளையை சுவர் வரைக்கும் நடந்து போய்ட்டு வரச் சொன்னா உடனே புரிஞ்சிடும். அப்புறம் ரோபோ சுவத்துகிட்ட கரெக்டா நிக்கும், ஆனா தொங்கற துணியில போய் முட்டும், சாஞ்ச அட்டையில முட்டும். துணி சத்தத்தை உறிஞ்சிடுது, சாஞ்ச அட்டை வேற திசைக்குத் திருப்பிவிடுது. இதெல்லாம் புக்லெட்ல இருக்காது.

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லங்க. 1967லயே சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் இவங்கல்லாம் சேர்ந்து குழந்தைங்களுக்காக லோகோன்னு ஒரு ப்ரோகிராமிங் மொழி உருவாக்கினாங்க. அதுல ஒரு ஆமை, தரையில ஊர்ந்து பேனாவால கோடு போடற நிஜ ரோபோவா ஒண்ணு, ஸ்கிரீன்ல ஒண்ணு. முன்னாடி 100 போ, வலதுபக்கம் 90 திரும்பு, இதை 4 தடவை பண்ணுன்னா சதுரம். சரி, இப்ப முக்கோணம் போடுன்னு சொல்லிட்டு நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னுடுவேன். எல்லாரும் 60 டிகிரின்னு போடுவாங்க, ஏன்னா சமபக்க முக்கோணத்தோட கோணம் 60ன்னு மனப்பாடமா தெரியும். வர்றது மூடாத ஒரு பாதி வடிவம். யாராவது ஒருத்தர் 3 தடவைங்கிறதை 6 தடவையா மாத்துவாங்க, அறுகோணம் வந்து நிக்கும், கிளாஸே குழம்பிடும். அப்ப ஒரு புள்ளையை எந்திரிச்சு தரையில முக்கோணமா நடக்கச் சொல்லணும், முனையில எவ்வளவு திரும்பறேன்னு உடம்பை வச்சே பாத்துடும், 60 இல்ல 120. வெளிக்கோணம்னா என்னன்னு அதுக்கு மேல யாரும் விளக்கத் தேவையில்ல. பேப்பர்ட்டும் ஆமையோட இடத்துல நின்னு பாருன்னுதான் சொன்னார். நாம என்னடான்னா மிஷின்லாம் வாங்கிவச்சிட்டு அந்த நடக்கறதை மட்டும் விட்டுட்டோம்.

சின்னப் பசங்களுக்கு, கட்டளை பிளாக்குகளை இழுத்து ஒட்டி ப்ரோகிராம் பண்ற ஸ்க்ராட்ச்தான் என் சாய்ஸ், 2007ல எம்ஐடி மீடியா லேப்ல மிட்செல் ரெஸ்னிக் டீம் வெளியிட்டது, ஃப்ரீ, நெட் இல்லாம ஓடற ஆப்பும் இருக்கு. அதுல கிட்டத்தட்ட எல்லாப் புள்ளையும் மாட்டற ஒரு இடம் உண்டு: பூனை ஆப்பிளைத் தொட்டா ஸ்கோர் ஏறணும்னு ஒரு இஃப் பிளாக் (இப்படி இருந்தா இதைச் செய்) போடுவாங்க, ப்ரோகிராமை ஓட்டற பச்சைக்கொடியை அமுக்குவாங்க, தொட்டாலும் ஸ்கோர் ஏறாது. அந்த இஃப், கொடி அமுக்கின அந்த நொடியில ஒரே ஒரு தடவை பாத்துட்டு முடிச்சிடுச்சு, திரும்பத் திரும்ப ஓட்டற ஃபார்எவர் பிளாக்குக்குள்ள போட்டாத்தான் பாத்துக்கிட்டே இருக்கும். இங்க டீச்சர் மவுஸைப் பிடுங்கி ஃபார்எவரை இழுத்துவிட்டா அஞ்சு செகண்ட்ல வேலை முடியும், ஆனா புள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது. "நீ எழுதினதை மேல இருந்து சத்தமா படிச்சுக்காட்டு"ன்னு சொன்னா பாதிப் பேர் படிக்கும்போதே நிறுத்தி, "ஐயோ ஒரு தடவைதான் பாக்குதா"ன்னு கேட்டுடுவாங்க. மவுஸைத் தொடாம இருக்கறதுதான் இந்த வேலையிலயே கஷ்டம், நிஜமா.

கையில பிடிக்கற மாதிரி ஏதாவது வேணும்னா மைக்ரோபிட்ங்கிற குட்டி கம்ப்யூட்டர் நல்லது. 4க்கு 5 சென்டிமீட்டர் போர்டு, 25 குட்டி லைட்டு, ரெண்டு பட்டன், அசைவைக் கண்டுபிடிக்கற சென்சார். 2016ல பிபிசி பிரிட்டன்ல 11, 12 வயசுப் பசங்களுக்கு சுமார் 10 லட்சம் போர்டு இலவசமா குடுத்துச்சு. அதை கால்ல கட்டிக்கிட்டு எத்தனை அடி நடந்தோம்னு எண்ணச் சொல்லுங்க. ஒரு அடிக்கு ரெண்டு எண்ணும், மெதுவா நடந்தா எண்ணவே எண்ணாது, உக்காந்து காலை ஆட்டினாலும் எண்ணும். எவ்வளவு அசைவு இருந்தா அதை ஒரு அடின்னு ஒத்துக்கறதுன்னு பசங்களுக்குள்ள சண்டையே நடக்கும். போன்ல வர்ற ஸ்டெப் கவுண்டர் ஏன் பஸ்ல போறப்பவும் சில சமயம் ஏறுதுன்னு அன்னிக்குத்தான் புரியும்.

இன்னொண்ணு சொல்லணும், நாலு பேருக்கு ஒரு கிட்டுன்னா யார் கையில மவுஸ் இருக்குன்னு பாருங்க. வீட்ல ஏற்கனவே கம்ப்யூட்டர் இருக்கற ஒருத்தன் பிடிச்சுக்குவான், இன்னொருத்தன் வயரை மாட்டுவான், பொண்ணுங்க கையில நோட்டு எழுதறதும் சார்ட்டுக்கு கலர் அடிக்கறதும் வந்து சேரும். யாரும் வேணும்னு செய்யறதில்ல, தானா நடந்துடும், அதனாலதான் தானா சரியாகாது. ஒருத்தர் டைப் பண்ணணும், பக்கத்துல இருக்கறவங்க வாயால மட்டும் சொல்லணும், கீபோர்டைத் தொடக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாத்திக்கணும். ஆபீஸ்ல பேர் ப்ரோகிராமிங்னு செய்யறதே இதுதான். மாத்தற நேரம் வந்தா பெல் அடிச்சே ஆகணும், இல்லைன்னா "ஒரு நிமிஷம் மிஸ்"னு அந்த ஒரு நிமிஷம் பீரியட் முடியற வரைக்கும் இழுக்கும்.

சாமான் வாங்கிக் குடுத்தா போதும்னு நினைக்கறவங்களுக்கு பெரு நாட்டுக் கதையைச் சொல்லலாம். குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு அங்க ரொம்பப் பெரிசா குடுத்தாங்க, 319 கிராமத்து ஸ்கூல்களை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2012ல ரிசல்ட் வந்துச்சு, கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மார்க் ஏறினதா தெரியல. லேப்டாப் கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, அதை வச்சு பாடத்துல என்ன செய்யறதுங்கிற பக்கம் காலியா இருந்தா மிஷின் மட்டும் தனியா ஒண்ணும் பண்ணாது. ஸ்மார்ட் போர்டும் நிறைய இடத்துல வெறும் பெரிய டிவிதான். அப்புறம் யாரும் பேசாத ஒரு விஷயம், பாஸ்வேர்ட். 40 நிமிஷ பீரியட்ல லாகின் ஆகறதுக்கே கால் மணி நேரம் போயிடுது, சார்ஜ் இல்லாத ரோபோ, காணாமப்போன கேபிள் இதெல்லாம் தனி. லாகின் தேவைப்படாத டூல், பெட்டிக்கு நம்பர், சார்ஜ் போட ஒரு பொறுப்பாளர், இந்த மூணும் இருந்தாலே பாதி டென்ஷன் குறையும்.

கம்ப்யூட்டரே இல்லைன்னாலும் ஆரம்பிக்கலாம். நியூசிலாந்து கேன்டர்பரி யுனிவர்சிட்டி டிம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்ப்ளக்ட்னு நிறைய விளையாட்டு சேர்த்து வச்சிருக்காங்க. ஒண்ணு சொல்றேன்: ரெண்டு பக்கமும் வேற வேற கலர் இருக்கற அட்டையை 5க்கு 5ஆ ஒரு புள்ளையை இஷ்டத்துக்கு அடுக்கச் சொல்லுங்க, "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்கறேன்"னு சொல்லிக்கிட்டே நீங்க ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் சேர்த்து 6க்கு 6 ஆக்கிடுங்க, அப்படி சேர்க்கும்போது எல்லா வரிசையிலயும் நெடுவரிசையிலயும் ஏதாவது ஒரு கலர் (சிவப்புன்னு வைங்க) இரட்டைப்படையா வர்ற மாதிரி வச்சிடுங்க. திரும்பி நின்னுக்கிட்டு ஒரே ஒரு அட்டையைத் திருப்பச் சொல்லுங்க. அந்தக் கலர் ஒத்தைப்படை ஆன வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கற இடம்தான் அந்த அட்டை. பசங்க மேஜிக்னு கத்துவாங்க, அனுப்பின டேட்டால தப்பு நடந்திருக்கான்னு கண்டுபிடிக்கற வழியில இதுவும் ஒண்ணு. ஆனா இதுலயே வருஷம் பூரா ஓட்ட முடியாது, கொஞ்ச நாள்ல "எப்ப சார் நிஜமா ஓட்டுவோம்"னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, அது நியாயமான கேள்வி.

பெரிய கிளாஸ் வந்ததும் டைப் பண்ணி எழுதற பைத்தான் மொழி. அங்க முதல் அதிர்ச்சி என்னன்னா, 5ஐயும் 5ஐயும் இன்புட்டா வாங்கிக் கூட்டினா 55னு வரும், ஏன்னா வந்தது நம்பர் இல்ல, எழுத்து. இதை நான் முன்கூட்டியே சொல்லமாட்டேன். ஓட்டறதுக்கு முன்னாடி என்ன வரும்னு பேப்பர்ல எழுதச் சொல்வேன், எல்லாரும் 10னு எழுதுவாங்க, அப்புறம் ஓட்டிப் பாப்போம். கம்ப்யூட்டர் பாடம் எப்படி நடத்தறதுன்னு ஆராய்ச்சி பண்ற சூ சென்டன்ஸ் சொல்ற பிரிம் முறையும் இந்த வரிசைதான், முதல்ல ஊகி, ஓட்டு, நோண்டிப் பாரு, கொஞ்சம் மாத்து, கடைசிலதான் சொந்தமா செய். நம்ம ஆளுங்க எடுத்தவுடனே வெத்து ஸ்கிரீனைக் காட்டி ப்ரோகிராம் எழுதுன்னு சொல்லிடறாங்க, பாவம் புள்ளைங்க.

இப்ப ஏஐ வேற. ரோபோ கோட் வேணும்னு கேட்டா முழுசா எழுதிக் குடுத்துடுது, பசங்க அப்படியே ஒட்டிட்டு வந்து நிக்கறாங்க, இனி கோடிங் சொல்லிக்குடுத்து என்ன பிரயோஜனம்னு டீச்சருங்களே கேக்கறாங்க. நான் தடுக்கறது இல்ல. கோட் எங்கிருந்து வந்துச்சுன்னும் கேக்கறது இல்ல. ரோபோ சுவத்துக்கு 20 சென்டிமீட்டர்ல நிக்குதா, சரி, 10ல நிக்கணும்னா எந்த லைனைத் தொடுவே, தொட்டா நிக்குமா இல்ல வேகத்துல போய் இடிச்சிடுமான்னு கேப்பேன். ஒருத்தன் நம்பரை மட்டும் மாத்திட்டு சிரிப்பான், வண்டி சுவத்துல போய் மோதும். பக்கத்துல இருக்கற புள்ள, பிரேக் பிடிக்கக்கூட கொஞ்ச தூரம் வேணும்ல, கிட்ட வர வர ஸ்பீடைக் குறைக்கணும்னு சொல்லும். ஸ்பீடைக் குறைக்கற அந்த ரெண்டு மூணு லைனை இப்ப அவங்க ரெண்டு பேரும்தான் உக்காந்து எழுதணும், ஏஐகிட்ட கேட்டு எழுதினாலும் சரி, ஓட்டிக் காட்டணும்.