பிளை வீட்டுப் பேய்களும் நாங்கள் நால்வரும்

நவம்பர் 3

இந்த மாதம் நாங்கள் சேர்ந்து வாசிப்பது ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’. நாங்கள் என்றால் நான், ஓய்வுபெற்ற ஆசிரியையான சித்தி, பேய்ப்படம் ஒன்றையும் விடாத அவர் மகன், வக்கீல் நண்பர் ஒருவர். பக்கக் கணக்கில் சின்னப் புத்தகம்தான். ஆனால் ஜேம்ஸின் வாக்கியங்கள் வளைந்து வளைந்து போகும். பாதியில் எழுவாயைத் தொலைத்துவிட்டு மறுபடி மேலே போய்த் தேட வேண்டியிருக்கிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வரலாம்.

கதை இதுதான். இருபது வயதுப் பெண் ஒருத்தி, கிராமத்துப் பாதிரியாரின் மகள், எஸ்ஸெக்ஸில் பிளை என்ற பெரிய வீட்டுக்கு கவர்னஸாக வருகிறாள். வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் வேலை. பத்து வயது மைல்ஸ், எட்டு வயது ஃப்ளோரா என்று இரண்டு குழந்தைகள், தாய் தகப்பன் இல்லாதவர்கள். லண்டனில் இருக்கும் பெரியப்பாதான் பொறுப்பு. அவர் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்று: எதற்காகவும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, கடிதம்கூட எழுதக் கூடாது.

சித்தி அந்த நிபந்தனையிலேயே நின்றுவிட்டார். “பேயெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். புள்ளைங்களைப் பத்தி எங்கிட்ட எதுவும் சொல்லாதேங்கறான், இவன் என்ன மனுஷன்?” என்றார்.

நவம்பர் 6

முதல் பேய் வந்துவிட்டது. மாலையில் அவள் தோட்டத்தில் தனியாக நடக்கிறாள். இந்தத் திருப்பத்தில் சட்டென்று ஒருவர் எதிரே வந்து நின்று புன்னகைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடியே நடக்கிறாள். யாரை நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரியும்; வேலைக்குச் சேரும் முன் இரண்டே முறை பார்த்த அந்தப் பெரியப்பாவைத்தான். நிமிர்ந்து பார்த்தால் கோபுர உச்சியில் ஒருவன் நிற்கிறான். நினைத்த ஆள் இல்லை. காக்கைகளின் சத்தம் நின்றுபோகிறது.

சில நாள் கழித்து அதே ஆள் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே. கையுறையை எடுக்க உள்ளே வந்தவள் பார்த்துவிடுகிறாள். அவன் பார்வை அவளைத் தாண்டி அறைக்குள் துழாவுகிறது. வேறு யாரையோ தேடி வந்திருக்கிறான். அவள் வெளியே ஓடுகிறாள். ஆள் இல்லை.

இதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு இந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த இடம். அவன் நின்ற இடத்தில் போய் நின்று, அவனைப் போலவே கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து வீட்டு நிர்வாகி மிஸஸ் குரோஸ் அறைக்குள் வருகிறாள். ஜன்னலில் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போய்ப் பின்வாங்குகிறாள். இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கவர்னஸ் யோசிக்கிறாள். அத்தியாயம் அதோடு முடிகிறது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பயந்தவள் இப்போது அதே ஜன்னலில் நின்று இன்னொருத்தியைப் பயமுறுத்துகிறாள். ஜேம்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

நவம்பர் 7

தம்பியின் கருத்து: “அக்கா, ஒரு கதவுகூடத் தானா சாத்தலையே. இதுக்கா இவ்வளவு பில்டப்?”

நவம்பர் 10

நேற்று இரவு போனில் வக்கீல் நீதிமன்றமே நடத்திவிட்டார்.

விஷயம் இதுதான். கவர்னஸ் தான் பார்த்த ஆளை மிஸஸ் குரோஸிடம் வர்ணிக்கிறாள். தொப்பி கிடையாது, சுருட்டைச் செம்பட்டை முடி, நீண்ட வெளிறிய முகம், கூர்மையான சின்னக் கண்கள், போட்டிருந்த உடைகள் வேறு யாருடையவோ போல. கேட்டதும் மிஸஸ் குரோஸ் பெயரைச் சொல்லிவிடுகிறாள்: பீட்டர் க்வின்ட். எஜமானரின் வேலையாள். எஜமானரின் வெயிஸ்ட்கோட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டவன். செத்துப்போனவன்.

“பாத்தே இராத ஒருத்தனை இவ்வளவு சரியா எப்படிச் சொல்ல முடியும்?” என்றேன். பேய் உண்டு என்னும் கட்சிக்காரர்கள் காலங்காலமாகக் கேட்கும் கேள்வி இது.

வக்கீல் சிரித்தார். “அவ எழுதினதை நல்லாப் படிங்க. வெளியாள் யாராவது கிராமத்திலேர்ந்து வந்திருப்பானோன்னு மிஸஸ் குரோஸ் கேக்கறப்போ இவ என்ன சொல்றா? உங்ககிட்ட சொல்லலை, ஆனா விசாரிச்சு உறுதிப்படுத்திக்கிட்டேன்னு சொல்றா. யார்கிட்ட விசாரிச்சா? அவங்க என்ன சொன்னாங்க? இப்படிச் செம்பட்டை முடியோட ஒருத்தன் இருந்தான், செத்துட்டான்னு யாராவது சொல்லியிருந்தா? குறுக்கு விசாரணையில முதல் கேள்வியே அதுதான்.”

புரட்டிப் பார்த்தேன். அந்த வரி இருக்கிறது. 1957லேயே ஒரு விமர்சகர் இதே வரியைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டார் என்பதை மட்டும் நான் வக்கீலிடம் சொல்லவில்லை. பாவம், சந்தோஷமாக இருந்தார்.

நவம்பர் 13

பேய் நிஜமா, அவளுடைய பிரமையா என்ற இந்தச் சண்டையின் வரலாறே ஒரு கதை. 1898 ஜனவரி முதல் ஏப்ரல் வரை காலியர்ஸ் வீக்லி என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையில் 12 வாரத் தொடராக வந்தது இது. வாராவாரம் படித்தவர்களுக்கு இது சந்தேகமே இல்லாத பேய்க்கதை. அந்தக் காலத்து விமர்சனங்களில் பெரிய தகராறு பேய் உண்டா என்பதில் இல்லை, குழந்தைகளை இப்படி அசிங்கப்படுத்தலாமா என்பதில்தான். தி இண்டிபென்டன்ட் என்ற பத்திரிகை, பழைய இலக்கியம் புதிய இலக்கியம் எதிலும் இவ்வளவு கேடுகெட்ட கதையை வாசித்ததில்லை என்று எழுதியது. ஆஸ்கார் வைல்டோ அற்புதமான, நஞ்சு தோய்ந்த சின்னக் கதை என்று நண்பருக்குக் கடிதம் போட்டார். பார்க்கப்போனால் இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். ஒருவருக்குக் குமட்டியது, ஒருவருக்கு ருசித்தது.

1934ல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் வந்தார். பேயே கிடையாது, எஜமானர் மேல் உள்ள ஆசையை அடக்கி அடக்கி இந்தப் பெண்ணுக்கு மனம் பிறழ்ந்துவிட்டது, அவள் காண்பதெல்லாம் பிரமை என்றார். எட்னா கென்டன் என்ற விமர்சகர் 1924லேயே அந்தப் பக்கம் கை காட்டியிருந்தார், ஆனால் ஊரைக் கூட்டியவர் வில்சன்தான். அன்றைக்குப் பிரிந்த இரண்டு கட்சிகள் இன்றுவரை ஒன்று சேரவில்லை.

வில்சனின் ஆதாரங்களில் ஒன்று: ஏரிக்கரையில் ஃப்ளோரா ஒரு மரத்துண்டில் உள்ள ஓட்டையில் இன்னொரு துண்டைப் பாய்மரம் போலச் செருகி விளையாடுகிறாள். இதற்கு ஃபிராய்டு பாணியில் ஓர் அர்த்தம். சித்தியிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “புள்ளை கப்பல் செஞ்சுது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல எத்தனை பார்த்திருக்கேன்” என்றார். அதற்கு மேல் வில்சனைப் பற்றிப் பேச அவர் தயாராக இல்லை.

நவம்பர் 14

ஜேம்ஸுக்கு மணிக்கட்டு வலி. அதனால் இந்தக் கதையை வாயால் சொல்லச் சொல்ல வில்லியம் மெக்கால்பைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதினார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுவான் என்று நினைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் சொன்னாராம் ஜேம்ஸ். அந்த மனிதர் ஜியோமெட்ரி எழுதுவதுபோல எழுதிக்கொண்டு, இவர் நிறுத்தும்போதெல்லாம் வறண்ட குரலில் “அடுத்து?” என்று கேட்டாராம். ஜேம்ஸே இப்படிச் சொல்லிச் சிரித்ததாகச் சொல்கிறார்கள். தம்பியிடம் இதைச் சொன்னதும் தனக்கொரு முன்னோடி கிடைத்த திருப்தி அவனுக்கு.

நவம்பர் 18

ஏரிக்கரைக் காட்சி. முந்தைய கவர்னஸ் மிஸ் ஜெஸல், செத்தவள், மறுகரையில் நிற்கிறாள். இந்த முறை மிஸஸ் குரோஸும் பக்கத்திலேயே இருக்கிறாள். அதோ பார் என்று கவர்னஸ் கை நீட்டுகிறாள். அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம். கடைசியில் சாட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். மிஸஸ் குரோஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஃப்ளோரா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கவர்னஸையே முறைக்கிறாள். நான் யாரையும் பார்க்கவில்லை, எப்போதும் பார்த்ததில்லை, நீ கொடுமைக்காரி, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள்.

வில்சன் கட்சிக்கு இத்தோடு வழக்கு முடிந்தது. ஆனால் மறுநாளே மிஸஸ் குரோஸ், கவர்னஸ் சொன்னதை நம்புகிறேன் என்கிறாள். பேயைப் பார்த்ததனால் நம்பவில்லை. காய்ச்சலில் கிடக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு நம்புகிறாள். என்ன வார்த்தைகள்? ஜேம்ஸ் ஒன்றைக்கூட எழுதவில்லை. 1908ல் எழுதிய முன்னுரையில் இந்தத் தந்திரத்தை அவரே வெளிப்படையாகச் சொல்கிறார்: தீமையை வாசகனே நினைத்துக்கொள்ளட்டும், அப்புறம் நாம் விவரம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கெட்ட வார்த்தைகளை ஒவ்வொருவரும் எப்படி நிரப்பிக்கொண்டோம் என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 21

தம்பி 1961ல் வந்த ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டான். பிடித்திருக்கிறது, அதாவது பாதிப் படம் வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் என்றான். படத்தில் மிஸ் ஜெஸல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கண்ணீர்த் துளி ஈரம் மிச்சமிருக்கும். “அக்கா, பிரமையா இருந்தா ஈரம் எப்படி வரும்?” என்று துள்ளினான். புத்தகத்தில் அப்படி ஈரம் எதுவும் கிடையாது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1954ல் இதை ஓபராவாக்கியபோது பேய்கள் வாய் திறந்து பாடின. நாவலில் அவை ஒரு சொல் பேசுவதில்லை. மேடையிலும் திரையிலும் ஓர் உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். தாளில் அந்தக் கட்டாயம் இல்லை, ஜேம்ஸ் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

நவம்பர் 24

முடித்தாயிற்று. ஃப்ளோராவை லண்டனுக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் கவர்னஸும் மைல்ஸும் மட்டும். கதையின் ஆரம்பத்திலேயே மைல்ஸைப் பள்ளியிலிருந்து காரணம் சொல்லாமல் நீக்கியிருந்தார்கள். ஏன் விரட்டினார்கள் என்று பையனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பிடித்தவர்களிடம் சில விஷயங்களைச் சொன்னேன் என்கிறான், அவ்வளவுதான். ஜன்னலில் க்வின்ட். பையனை இறுக அணைத்துக்கொள்கிறாள். யாரென்று சொல் என்று விடாமல் பிடிக்கிறாள். “பீட்டர் க்வின்ட், பிசாசே!” என்கிறான். எங்கே, எங்கே என்று தேடுகிறான். அவள் கைகளுக்குள்ளேயே அவன் இதயம் நின்றுவிடுகிறது. புத்தகம் அந்த வரியோடு தீர்ந்தது. தொடக்கத்தில் இந்தக் கதையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர்களிடம் புத்தகம் திரும்புவதே இல்லை.

என் கட்சி என்ன என்று மூவரும் கேட்டார்கள். பேய் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பையனைத் தொட்டது பேய் இல்லை. பிரமை என்று வைத்துக்கொண்டாலும் பிரமையினால் மட்டும் அவன் சாகவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, நான்தான் இவனைக் காப்பாற்றுகிறேன் என்ற அவளுடைய நிச்சயம் இரண்டு வாசிப்பிலும் அப்படியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது அதுதான். மனநோய் என்று பெயர் கொடுத்துவிட்டால் அவள் நமக்கு அந்நியமாகிவிடுகிறாள், பயம் பாதியாகிவிடுகிறது. அதனால் வில்சன் வாசிப்பு எனக்குக் கொஞ்சம் சௌகரியமான வாசிப்பாகத் தோன்றுகிறது.

வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. “நிச்சயம்னு சொன்னா நான் யாரை மேடம் கூண்டில ஏத்தறது?” என்றார்.

சித்தி வேறு இடத்தில் இருந்தார். “அந்தப் பெரியப்பனை,” என்றார்.

நவம்பர் 29

தம்பியிடமிருந்து நடுராத்திரி போன். கதவு சாத்தவில்லை என்று குறைப்பட்டவன் இப்போது புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

அவன் கேள்வி தொடக்கக் காட்சியைப் பற்றியது. கிறிஸ்துமஸ் நேரத்தில் டக்ளஸ் என்பவர் கவர்னஸ் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். அவள் தன் தங்கையின் கவர்னஸாக இருந்தவள் என்றும், தன்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்றும், அந்த வேலையில் தான் கண்டவர்களிலேயே இனிமையானவள் என்றும் சொல்கிறார். “அக்கா, கதையில அவளுக்கு இருபது, மைல்ஸுக்குப் பத்து. அதே பத்து வயசு வித்தியாசம். மைல்ஸுக்கும் தங்கச்சி உண்டு. டக்ளஸ்தான் மைல்ஸா?”

விமர்சகர்கள் சிலரும் இதை எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

காலையில் மற்ற இருவரையும் சேர்த்துக்கொண்டு பேசினோம். வக்கீல் வழக்கம்போல் ஆவணத்துக்குப் போனார்: இதயம் நின்றுவிட்டது என்று அவள் கைப்படவே எழுதியிருக்கிறாள், ஆனால் டாக்டர் வந்ததாகவோ அடக்கம் செய்ததாகவோ பிரதியில் ஒரு வரிகூட இல்லை, ஆகவே கேள்வி திறந்தே இருக்கிறது. சித்தி விடவில்லை. “அப்படிக் கட்டிப்பிடிச்சு உலுக்கினவளைப் பத்தி, உயிரோட இருந்தா எந்தப் புள்ளை இவ்வளவு நல்லவிதமாப் பேசும்?” என்றார். அதோடு இன்னொரு கேள்வியையும் போட்டார்: மைல்ஸ் வேறு, டக்ளஸ் வேறு என்றால், ஒரு குழந்தை கையில் செத்த பிறகு இவளுக்கு இன்னொரு வீட்டில் வேலை எப்படிக் கிடைத்தது, நற்சான்றிதழ் கொடுத்தது யார்?

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். “பெரியப்பாவாத்தான் இருக்கும். அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே” என்றார்.