‘ஏ’ மேல் ‘பி’ எழுதினேன், ‘@’ வந்தது

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் வாங்கிய டபிள்யூ25க்யூ32 ஃபிளாஷ் சிப், அதாவது மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகச் சிப், இன்றுதான் சொன்னபடி கேட்டது. சுண்டுவிரல் நகத்தளவு, எட்டுக் கால், 4 மெகாபைட். 3.3 வோல்ட்டில் ஓடுவதால் ஈ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினிப் பலகையோடு நேராக இணைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் வீணானது ஒரே ஒரு கட்டளையால். எழுதுவதற்கும் அழிப்பதற்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் ‘எழுத அனுமதி’ (06) அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதி தானாக ரத்தாகிவிடும். நான் தொடக்கத்தில் ஒருமுறை அனுப்பியதோடு நிறுத்திவிட்டேன். சிப் பிழை எதுவும் காட்டாமல் பேசாதிருந்தது.

இன்று முதலில் ஒரு செக்டரை, அதாவது நினைவகத்தின் ஒரு பகுதியை, அழித்தேன். எல்லா பிட்டும் 1. அதில் ஆங்கில எழுத்து ‘ஏ’ (A) எழுதினேன்: 01000001. சரியாகப் படித்தது. அழிக்காமல் அதே இடத்தில் ‘பி’ (B) எழுதினேன்: 01000010. திரையில் வந்ததோ ‘@’, அதாவது 01000000. மூன்று முறை செய்தும் அதேதான். எழுதும்போது 1 என்பது 0 ஆகும். 0 மறுபடி 1 ஆகாது. இரண்டிலும் 1 இருந்த இடம் மட்டுமே 1 ஆக மிஞ்சியது.

பல வருடம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட பெரியம்மா பக்கத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “முடிச்சை மாற்றிப் போட்டு இரண்டாம் தடவை சாயத்தில் முக்கினால், இரண்டு தடவையும் முடிச்சுக்குள் இருந்த புள்ளிதானே தம்பி வெள்ளையாக நிற்கும்?” என்றார். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு புள்ளியை மட்டும் வெளுக்க முடியாது, முழுத் துணியையும் வெளுக்க வேண்டும் என்பதும் அப்படியே பொருந்துகிறது. இந்தச் சிப்பில் ஒரே தடவையில் அழிக்க முடிந்த மிகச் சிறிய அளவு 4096 பைட். ஒரு பைட்டைத் திருத்த அத்தனையையும் படித்துவைத்து, அழித்து, திரும்ப எழுதினேன். 256 பைட் கொண்ட பக்கம் ஒன்றை எழுத ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை. அழிக்க ஏறத்தாழ ஐம்பது ஆனது.

இந்தச் சிப்பில் ஒரு பிட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்புறமும் மின்காப்பு சூழ்ந்த ஃப்ளோட்டிங் கேட் இருக்கிறது. உயர் மின்னழுத்தத்தால் உள்ளே தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் மின்சாரம் போன பின்பும் அங்கேயே தங்கும். அவை இருந்தால் 0, வெளியேறினால் 1. ஆனால் ஒவ்வொரு தடவையும் காப்பு கொஞ்சம் நைகிறது, வெளுத்து வெளுத்து நூல் நைவது போல. இந்தச் சிப்புக்கு ஒரு செக்டருக்கு 1,00,000 அழிப்பு என்று கணக்கு.

கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் இருப்பது தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு 1987இல் அறிவித்த நாண்ட் வகை ஃபிளாஷ். அங்கே ஒரே தடவையில் அழிக்கும் பகுதியான பிளாக் மெகாபைட் கணக்கில் பெரியது. ஒரே செல்லில் எட்டு நிலைகளைப் பிரித்தறிந்து 3 பிட் வைக்கும் டி.எல்.சி. வகையோ சில ஆயிரம் அழிப்புகளையே தாங்கும். அதனால் எஸ்.எஸ்.டி.யை இயக்கும் கன்ட்ரோலர் பழைய இடத்தில் திருத்துவதே இல்லை. புதிய பக்கத்தில் எழுதி, பழையதைச் செல்லாதது என்று குறித்துவைத்து, பிறகு மொத்தமாக அழிக்கிறது. தேய்மானத்தையும் எல்லா பிளாக்குக்கும் பங்கிடுகிறது.

அடுத்த ஞாயிறு 16 செக்டர்களை வைத்து அந்தப் பங்கீட்டை நானே எழுதிப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொன்றும் எத்தனை முறை அழிந்தது என்ற எண்ணிக்கையை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அதையும் ஏதாவது ஒரு செக்டரில்தானே எழுத வேண்டும்.