உப்பளத்தோர மண்ணைக் கழுவிப் பார்த்தபோது

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள வாலிநோக்கம் உப்பளங்களுக்கு அப்பால், சீமைக்கருவேலம் மண்டிய தரிசிலிருந்து எடுத்து வந்த களிமண்ணை நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கண்ணாடிக் குப்பிகளில் ஒரே அளவாக இட்டு, ஒன்றில் கடல்நீரும் மற்றொன்றில் பிடித்துவைத்த மழைநீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். கடல்நீர்க் குப்பியில் மண் சிறிது நேரத்திலேயே திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்க, மேலே நீர் தெளிந்துவிட்டது. மழைநீர்க் குப்பியும் முதலில் ஓரளவு தெளிந்தது. மண்ணிலேயே இருந்த உப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது. தெளிந்ததை இறுத்துவிட்டுப் புதிய மழைநீரால் திரும்பத் திரும்பக் கழுவிய பிறகோ, மறுநாள் காலையிலும் நீர் பால் கலந்த தேநீரைப் போலக் கலங்கியே நின்றது.

லிட்டருக்கு ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம் கொண்ட கடல்நீரில் தெளியும் மண், நன்னீரில் கலங்குவானேன்? களித்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்ட மெல்லிய தகடுகள். இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியம் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். ஒற்றை மின்னூட்டத்தோடு சுற்றிலும் நீர் மூலக்கூறுகளைச் சுமந்திருக்கும் சோடியத்தால் அது இயலாது. சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்திருக்கும்வரை இக்குறை வெளியே தெரிவதில்லை. உப்பு கழுவப்பட்டு, களியில் ஒட்டிய சோடியம் மட்டும் எஞ்சும்போது தகடுகள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உப்பு மிகுந்த உவர்நிலம், சோடியம் ஒட்டி நீர் இறங்காத களராவது இப்படித்தான். களியில் ஒட்டி, பிற அயனிகளுக்கு இடம்விடக்கூடிய சோடியம் (பரிமாற்றச் சோடியம்) அப்படி ஒட்டியுள்ள நேர்மின் அயனிகளில் 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர் என்பது மண்ணியலாரின் வழக்கமான வரையறை. கழுவிய மண்ணின் ஊறல்நீரை மஞ்சள் தடவிய தாளில் விட்டபோது லேசாகச் சிவந்தது, காரம் கூடிவிட்டது.

அதே மண்ணில் கிடந்த சுக்கான் பரல்களில் (சுண்ணாம்புக் கற்களில்) எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறது. ஆக, கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. கார மண்ணில் அது கரையாத சுண்ணாம்பாக இறுகிவிடுவதால் களிக்கு எட்டுவதில்லை, என்னைக் கேட்டால் இம்மண்ணின் பெருஞ்சிக்கல் இதுவே. கால்சியம் சல்பேட்டான ஜிப்சமோ லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வரை கரையும். ஆகவே, அடி வெட்டிய பிளாஸ்டிக் குப்பிகளின் வாயில் துணி கட்டி, தலைகீழாக நிறுத்தி மண் நிரப்பி, ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் ஜிப்சம் ஊறிய நீரும் விட்டுவருகிறேன். மழைநீர் ஏறக்குறைய இறங்காமலே நிற்கிறது. மண்ணின் மேல் வழவழப்பான ஏடு கட்டியிருக்கிறது. ஜிப்சம் நீர் விடாமல் சொட்டுகிறது, சொட்டுவதும் தெளிவாக உள்ளது.

ஜிப்சத்தின் கால்சியம் களியிலிருந்து கழற்றிய சோடியத்துக்குக் குப்பியில் கீழே வெளியேற வழி உண்டு. உவர் நிலத்தடிநீர் மேலாகவே நிற்கும் கரையோர வயலில், வடிகால் இன்றி ஜிப்சம் மட்டும் தூவினால் கழன்ற சோடியம் கோடையில் மீண்டும் மேலேறிவிடும் என்பதால், அடுத்து அடி மூடிய தொட்டியில் உப்புநீரைத் தேக்கி, வெயிலில் வைத்து அதையும் பார்க்கவிருக்கிறேன்.