ஷிராஸில் வரும் மிளகு

ஒயின் பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் வந்தது பழ வாசனை இல்லை, மிளகு. உரலில் போட்டு ஒரு தட்டுத் தட்டியதும், தூளாவதற்கு முன்னால், ஒன்றிரண்டாய் உடைந்து கிடக்கும்போது எழுமே, அதே வாசனை. பக்கத்தில் இருந்த தோழியிடம் நீட்டினேன். மூன்று தடவை முகர்ந்துவிட்டு, "எங்கடி மிளகு? எனக்குப் பிளம் பழந்தான் தெரியுது" என்றாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. பாட்டில் பாதியாகும்வரை இதே வழக்குதான்.

அந்த ஒயின் பெஸ்ட்ஸ் கிரேட் வெஸ்டர்ன் ஷிராஸ். ஷிராஸ் என்பது ஒரு வகைக் கறுப்புத் திராட்சை, அதில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிராம்பியன்ஸ் மலைப்பகுதியை ஒட்டி கிரேட் வெஸ்டர்ன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1866இல் ஹென்றி பெஸ்ட் என்பவர் தொடங்கிய தோட்டம் இது. 1920இல் தாம்சன் குடும்பம் வாங்கியது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வாங்கி நூறு வருடத்துக்கு மேலாகியும் பாட்டிலில் பழைய சொந்தக்காரர் பெயரையே வைத்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆஸ்திரேலிய ஷிராஸ் என்றதும் பலருக்கு நினைவு வருவது பரோசா போன்ற வெயில் பூமியின் ஒயின்: கெட்டியாக, ஜாம் மாதிரி, ஆல்கஹால் தூக்கலாக. குளிர்ந்த இடத்தில் அதே திராட்சை வேறு ஆளாகிவிடுகிறது. இரவில் நன்றாகக் குளிர்வதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, சர்க்கரை அவசரப்பட்டு ஏறுவதில்லை, புளிப்பும் கரைந்து போகாமல் நிற்கிறது. அதனால் குடிக்கும்போது நாக்கில் பாரமாக உட்காராது, அடுத்த மிடறுக்கு வாய் தானாகத் தயாராகும்.

சரி, மிளகுக்கு வருகிறேன். இது ஒயின் ரசிகர்களின் வர்ணனை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அந்த வாசனைக்குக் காரணமான பொருளைப் பிடித்துவிட்டார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். ஷிராஸில் இருப்பதும் மிளகில் இருப்பதும் அதே மூலக்கூறுதான். மிளகின் காரம் பைபரின் என்ற வேறொரு பொருளால் வருவது, அது ஒயினில் கிடையாது. வாசனை மட்டும் இரண்டுக்கும் பொது. இன்னொன்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்: இந்தப் பொருளை முதலில் கண்டெடுத்தது திராட்சையிலோ மிளகிலோ இல்லை, நம் கோரைக்கிழங்கில். அதன் தாவரவியல் பெயர் சைபரஸ் ரோட்டண்டஸ், அந்த ரோட்டண்டஸ்தான் ரோட்டண்டோன் ஆனது.

ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 16 பங்கு. ஆனால் அதே ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ மடங்கு கூட்டியும், அந்த வாசனை தெரியவே இல்லை. என் தோழி பிடிவாதம் பிடிக்கவில்லை, அவள் மூக்கில் அந்தக் கதவே இல்லை போலிருக்கிறது. படித்த அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

ரோட்டண்டோன் திராட்சையின் தோலில்தான் சேர்கிறது, அதுவும் பழுக்கும் கடைசி வாரங்களில். அந்தச் சமயத்தில் குலைகள் சூடாகிவிட்டால் அளவு குறைந்துவிடும். இதே கிராம்பியன்ஸ் பகுதித் தோட்டமொன்றில் செய்த ஆய்வில், 25 டிகிரிக்கு மேல் போகும் வெப்பம் அதற்கு ஆகாது என்று தெரிந்தது; இலை மறைவில் தொங்கும் குலைகளில் அதிகம், வெயிலைப் பார்த்த குலைகளில் குறைவு. ஆக, குளிரும் மழையுமாகப் போன வருடத்தில் மிளகு தூக்கலாக இருக்கும். 2011 விக்டோரியாவில் அப்படிப்பட்ட வருடம், திராட்சை வளர்த்தவர்களுக்குப் பூஞ்சையோடு ஓயாத போராட்டம். அந்த வருடத்துப் பழத்தில் செய்த பெஸ்ட்ஸின் ‘பின் நம்பர் 1’ (Bin No. 1) என்ற ஷிராஸ்தான் 2012இல் மெல்போர்னில் ஜிம்மி வாட்சன் கோப்பை என்ற பெயர்பெற்ற ஒயின் விருதை வாங்கியது.

தாம்சன் குடும்பத்திடம் 1868இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அந்தப் பழத்தில் செய்யும் ஒயினுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே வைத்திருக்கிறார்கள், நல்ல விளைச்சல் வந்த வருடங்களில் மட்டும்தான் அது வெளிவரும். மற்ற வருடங்களில் அந்தப் பெயரில் பாட்டிலே கிடையாது. வருமானம் குறையும் என்று தெரிந்தே இப்படி விட்டுக்கொடுக்க, நிலமும் முடிவும் ஒரே வீட்டில் இருந்தால் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்கினால் ஒன்று செய்யுங்கள், ஊற்றுவதற்கு முன் அரைமணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். சூடான அறையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடி முன்னால் வந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். பாதியை மூடி வைத்து மறுநாளும் முகர்ந்து பாருங்கள், எங்கள் பாட்டிலில் பழ வாசனை தணிந்த பிறகும் மிளகு அப்படியே இருந்தது. தோழிக்கு மறுநாளும் பிளம்தான்.