போர்க்காலச் சாமான்கள்: காட்சி அடுக்கும் நாட்குறிப்பு

மார்ச் 4
இன்று ஜாம் போத்தல் விளக்குகள். 1990இல் பொருளாதாரத் தடை வந்து, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றபிறகு வீட்டுக்கு வீடு எரிந்தது இதுதான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோத்து, போத்தல் வாயில் கொளுவிய கம்பியால் நிமிர்த்தி நிறுத்துவார்கள். எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்திருப்பதால் தட்டுப்பட்டாலும் ஊற்றாது. சுடர் போத்தலுக்குள் நிற்பதால் காற்றுக்கும் லேசில் அணையாது. விளக்கக் குறிப்பில் இதைச் சொல்லாவிட்டால் பார்க்க வருகிறவருக்கு அது வெறும் போத்தல்.

உள்பக்கக் கரியைத் துடைக்கவே கூடாது. விளக்கு எரிந்ததற்கு அதுதான் சாட்சி. பழைய பஞ்சில் எண்ணெய் மிச்சமிருந்தால் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி சேரும். பஞ்சை வெளியே எடுத்து, பதிவெண் கட்டி, காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும்.

மார்ச் 7
கடதாசிகள்: குடும்ப அட்டை, பாஸ் (பயண அனுமதிச் சீட்டு), பிறப்புச் சான்றிதழ். வெளிச்சம் 50 லக்ஸ் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலத்தை எடுத்துவிட்டுப் பிரதியை வைப்பது நல்லது. துருப்பிடித்த ஸ்ரேப்பிளை இழுக்காமல் காலை நிமிர்த்திக் கழற்ற வேண்டும். லமினேட் பண்ணியதைப் பிரிக்கப் போனால் மையும் சேர்ந்து உரியும், அப்படியே விடுங்கள். குடும்ப அல்பத்தில் முகம் வெட்டிய படம் இருந்தால் தந்தவரிடம் கேட்காமல் தொங்கவிடக் கூடாது. பெயர் விபரம் தனித்தாளில், பூட்டில்.

மார்ச் 12
சாறிப் பங்கர், அதாவது சாறியில் தைத்த மண்மூட்டை அடுக்கிய பதுங்குகுழி. 2009இல் வன்னியில் சாக்குக் கிடைக்காமல் கூறைச்சாறியைக்கூட வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். கணக்கு இது: ஐந்தரை மீற்றர்ச் சாறியை 90 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டினால் ஆறு துண்டு. ஒவ்வொன்றையும் அகலவாக்கில் மடித்து இரண்டு பக்கம் தைத்தால் ஒரு மூட்டை.

மாதிரி செய்யும்போது பஞ்சு அடைத்தால் தலையணை மாதிரி உப்பும்; பார்க்கிறவர் நம்பமாட்டார். முழுக்க மண் என்றால் ஒரு கனமீற்றருக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல், மாடித்தளம் தாங்காது. நடுவில் ஸ்பொஞ்ச், அதைச் சுற்றிக் கழுவி உலர்த்திய மணலைப் பொலித்தீன் பைகளில் வைத்தால் மூட்டை சரியாகத் தொய்யும். கடற்கரை மண் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துத் துணியை அரிக்கும். உண்மையான பழைய சாறி என்றால் எதையும் அடைக்காமல் தட்டையாக விரிப்பதே முறை. கூரைக்குப் பனங்குற்றி கொண்டுவந்தால் முதலில் உளு இருக்கிறதா என்று பாருங்கள்; மாவு கொட்டினால் உள்ளே எடுக்கவே வேண்டாம்.

மார்ச் 15
சைக்கிள் டைனமோ றேடியோ. பற்றரி தடைப்பட்ட காலத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்துச் செய்தி கேட்டார்கள். டைனமோ 6 வோல்ற், 3 வாற், ஆனால் தருவது ஆடலோட்டம் (AC), திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு நேரோட்டமாக (DC) மாற்றித்தான் றேடியோவுக்குக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். பெரிய சிக்கல் பார்க்க வரும் பிள்ளைகள்: வேகமாக மிதித்தால் வோல்ற் ஏறி றேடியோ எரிந்துவிடும். பெட்டிக்குள் 6 வோல்ற் ரெகுலேற்றர் ஒன்று வைத்திருக்கிறோம். மெதுவாக மிதித்தால் சத்தம் அமுங்குவது அப்போதும் மாறாது, அது வேண்டும்.