கணுவுக்குக் கீழே வெட்டுங்கள்

போன ஆடிச் சாரலில், திண்ணையில் தொங்கவிட்டிருந்த மணி பிளான்ட் தொட்டிகள் மூன்றில் இரண்டு அழுகிப் போயின. இலை மஞ்சளாகிறதே, தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றினேன், மறுநாளும் ஊற்றினேன், கடைசியில் தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ரொம்ப வருத்தமாக இருந்தது. அப்பாதான் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடிக்கு மூட்டுல, அடியில, தண்ணி நிக்கப் பிடாது மக்களே. நல்லமிளகு வாடுறதும் இதாலதான்."

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் பலாவிலும் கமுகிலும் நல்லமிளகு ஏற்றி வளர்க்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலம் இங்கே. காற்றே ஈரமாக இருக்கும் அந்த மாதங்களில் 'வாரம் இரண்டு முறை' என்ற கணக்கு ஒத்துவராது. விரலைப் பாதி வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாதீர்கள். வெறும் செம்மண்ணும் வேண்டாம், இறுகிவிடும். நான் இப்போது பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் சேர்க்கிறேன், உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகு.

அப்புறம், வெட்டப் பயப்படாதீர்கள். வளர்கிற கொடியை வெட்டக் கூடாது என்று அம்மா இன்றும் சொல்வார், ஆனால் வெட்டாத கொடி மேலே மொட்டையாகி நுனியில் மட்டும் நாலு இலையோடு தொங்கும். இலைக்காம்பு தண்டில் சேருகிற இடம்தான் கணு, அதற்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும். இலையை மட்டும் கிள்ளி வைத்தால் தளிர் வராது, தளிர் வருவது கணுவில் இருந்துதான். கொசு முட்டையிடும் என்பதால் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேர் வந்த துண்டுகளைப் பழைய தொட்டியிலேயே நட்டால் அடர்த்தியாகும்.

இது சேம்பு, சேனை குடும்பம், இலையைக் கடித்தால் வாய் அரிக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். ரொம்ப இருட்டில் வைத்தால் இலையின் மஞ்சள் வரி மறைந்து முழுப்பச்சையாகிவிடும், உச்சி வெயிலில் வைத்தால் கருகும். கிழக்கு ஜன்னல்தான் சரி.

தப்பிய அந்த ஒரு தொட்டியிலிருந்து இப்போது ஐந்து தொட்டி ஆகிவிட்டது. நேற்று ஆரல்வாய்மொழியிலிருந்து மைனி (அண்ணி) வந்து ஆறு துண்டு வாங்கிப் போனார். அங்கே அடிக்கிற காற்றுக்கு வெளியே தொங்கவிட்டால் கிழிந்துவிடும், வீட்டுக்குள் வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.