வாஷிங்டன் தூசி

டெல்லியில் நவம்பர் வந்தால் எங்கள் லேப் ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியாது. உள்ளே நாங்கள் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த தூசியை மில்லிகிராம் கணக்கில் எடை போட்டுக்கொண்டிருப்போம். 1976, 77-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் சேகரித்த நகரத் தூசி. எதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சான்று கொடுத்திருப்பதால் உலகம் முழுக்க அதை வாங்குகிறார்கள். "வெளியே ஓசியிலயே கிடைக்குதே" என்று சிரிக்காத புது ஆள் கிடையாது. நானும் சிரித்தவன்தான்.

அதைத் தோல் செல்கள் மேல் விட்டு, அழற்சி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஹாகாட் என்ற வகை. ஜெர்மனியில் 62 வயதுக்காரர் ஒருவரின் முதுகுத் தோலிலிருந்து வளர்த்தெடுத்து 1988-இல் அறிவித்தது. இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் செத்திருக்கும் என்று நினைத்தேன். கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே பெரும்பாலானவை நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தன. அழற்சி என்பது சாவு இல்லை, கூப்பாடு. தூசியில் ஒட்டியிருக்கும் புகை ஹைட்ரோகார்பன்கள் செல்லுக்குள் போய் ஏஹெச்ஆர் என்ற புரதத்தைப் பிடிக்கின்றன. அது உட்கருவுக்குப் போய், அவற்றைச் சிதைக்கும் நொதிகளைச் செய்ய வைக்கிறது. அந்த வேலையிலேயே முரட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கழிவாக வருகின்றன. அவை என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்சைத் தட்ட, ஐஎல்-6, ஐஎல்-8 என்று கூப்பாடு போடும் புரதங்கள் எல்லாம் வெளியே கொட்டும். உடம்பாக இருந்தால் ஐஎல்-8 இருக்கும் பக்கம் வெள்ளையணுக்கள் ஓடி வரும்.

ஐஎல்-8-ஐ எலைசாவில் அளந்தேன். புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தால் காட்டும் சோதனை அது. தூசி கூடக் கூட மஞ்சள் நிறம் ஏற வேண்டும். கொஞ்சம் தூசிக்கு ஏறியது. நிறையப் போட்டால் இறங்கியது. மூன்று முறை செய்தேன். பைப்பெட்டைச் சந்தேகப்பட்டேன், கிட்டைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் என்னையே. சீனியர் அக்கா ஒருவர், மதுரைக்காரர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செல்லே இல்லாத வெறும் வளர்ப்புத் திரவத்தில தெரிஞ்ச அளவு ஐஎல்-8 போடு, தூசியும் போடு, அப்புறம் அளந்து பாருடா."

பாதியைக் காணோம். தூசியே புரதத்தை ஒட்ட வைத்துக்கொண்டு, அளப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும்போது அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் கொட்டிய கறுப்பு வண்டலில்தான் என் ரிசல்ட் இருந்திருக்கிறது! பிறகு, ஐஎல்-8 செய்யச் சொல்லி செல்லுக்குள் உருவாகும் ஆர்என்ஏவையும் சேர்த்துப் பார்த்தோம். அதில் ஒழுங்காக ஏறியது.

"அப்போ மாசு முகத்தைக் கெடுக்கும்னு நிரூபிச்சாச்சா?" என்று ஊரில் கேட்பார்கள். பிளேட்டில் செல் அம்மணமாகக் கிடக்கிறது. கன்னத்தில் அதன் மேல் செத்த செல்களால் ஆன அடுக்கு ஒன்று கூரை போட்டிருக்கிறது. அதனால் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டேன். ஆனால் எக்ஸிமா உள்ள பையன் ஒருவன் எங்கள் லேப்பில் இருக்கிறான். கிளவுஸைக் கழற்றிவிட்டு முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே ஜன்னலைப் பார்ப்பான். அவனுக்கு அந்தக் கூரை ஏற்கெனவே ஒழுகுகிறது.